மூன்று முறை ஓடியவள்

சிங்மிங் நாளில் முன்னோர் கல்லறைகளில் புல் வெட்டிக் கழுவி முடித்துவிட்டு, ஜுவோ குலத்தார் நூற்றிருபது பேர் குலமண்டபத்து முற்றத்தில் தகரப் பந்தலின் கீழ் வட்ட மேசைகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யீலான் பக்கத்து மழைக்குப் பந்தல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஓரத்தில் இருந்தவர்களின் முதுகெல்லாம் நனைந்திருந்தது. யூதாவின் முதுகும் நனைந்திருந்தது. பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசைதான் எப்போதும் அவர்கள் வீட்டாருக்கு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை.

புகைபோட்ட வாத்துக்கறித் தட்டு பாதி காலியானபோது மிங்லாங் பெரியப்பா ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். எழுபத்தாறு வயது, குலக் கமிட்டித் தலைவர். நாற்பது வருஷத்துக்குப் பிறகு குலப் புத்தகத்தைத் திருத்தி அச்சடிக்கும் பொறுப்பு அவர் தலையில்.

"மூணு பெரிய கிளையும் சரியா இருக்கு. தியன்ஹோக் வழிதான் கொஞ்சம் இடிக்குது. அவரு எங்க தாத்தா கிம்செங் பெரிய மனசு பண்ணி எடுத்து வளத்த பிள்ளைன்னு பழைய புத்தகத்துல இருக்கு. யாரு பெத்தது, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அதனால அவங்களை மட்டும் கடைசிப் பக்கத்துல ஒட்டுக்கிளைன்னு தனியாப் போடலாம்னு கமிட்டி முடிவு பண்ணியிருக்கு."

தியன்ஹோக் யூதாவின் தாத்தா. அவள் சாப்பாட்டுக் குச்சிகளைக் கிண்ணத்தின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவளுடைய தம்பி குவோதுங் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான்.

"உக்காரு அக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்." அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. முப்பது வருஷமாக என்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "பெரியப்பா, ஸான்ஷிங்ல இருக்கிற பேரிமரம் எல்லாமே ஒட்டுதான். தாய்மரம் சும்மா நிக்கும், காய்க்கிறது ஒட்டுலதான். தெரியுமில்ல?"

நாலைந்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. பெரியப்பாவும் சிரித்தார், கண் மட்டும் சிரிக்கவில்லை.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல உனக்கு. வாய் ஆதாரம் ஆகாது அம்மாடி. காகிதம் இருந்தா அடுத்த மாசக் கூட்டத்துக்குக் கொண்டா."

"கொண்டாறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, எங்கே போய் எதைக் கொண்டுவருவது என்று அவளுக்கு அப்போது தெரியாது. ஐம்பத்தேழு வயது. லுவோதுங் ரயிலடிக்குப் பின்னால் ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கடை. ஒன்பது வருஷம் ஒருவனோடு வாழ்ந்துவிட்டு ஒரு ஹெல்மெட்டோடு திரும்பி வந்தவள். "என்ன குறை வெச்சான் உனக்கு?" என்று இதே முற்றத்தில் பத்துப் பேர் கேட்டிருக்கிறார்கள். தாத்தாவைப் பற்றி அவள் அறிந்ததெல்லாம், அவர் அதிகம் பேசமாட்டார், கரி அடுப்பை வீட்டுக்குள் விடமாட்டார் என்பதுதான்.

திங்கட்கிழமை கடையைத் தாமதமாகத் திறப்பதாக அட்டை மாட்டிவிட்டு, குடும்பப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். ஜப்பானியர் காலத்துப் பதிவேடுகள் அங்கே கிடைக்கும், நேர் வாரிசு என்றால் நகல் தருவார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லியிருந்தார். லியாவ் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த இளம்பெண் அவளுடைய அடையாள அட்டையையும் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டு போனாள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு நான்கு தாள்களோடு திரும்பினாள்.

மேலிருந்து கீழே கோடு கோடாகப் போகும் தூரிகை எழுத்து. யூதாவுக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை.

"இது என்னம்மா, மண்புழு ஊர்ந்த மாதிரி இருக்கு?"

"போலீஸ்காரங்க எழுதினதுக்கா. அவங்கதான் வீடு வீடாப் போய் எழுதுவாங்க. எனக்கும் முதல் வருஷம் கண்ணக் கட்டுச்சு." லியாவ் ஒரு மரக்கோலை எடுத்து வரியின் மேல் வைத்தாள். "இதோ உங்க தாத்தா, ஜுவோ தியன்ஹோக். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல பிறந்திருக்காரு. அம்மா பேரு ஜுவோ போங்சி."

"அப்பா?"

மரக்கோல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. அங்கே ஒன்றும் இல்லை. புள்ளி கூட இல்லை.

"காலி," என்றாள் லியாவ் மெதுவாக. "கல்யாணமாகாத அம்மாவுக்குப் பிறந்த பிள்ளைன்னு போட்டிருக்கு. மன்னிச்சுக்கோங்கக்கா."

"நீ எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கற? நீயா காலியா விட்டே? மேல படி."

போங்சி. அந்தப் பெயரைக் கேட்டவுடனே யூதாவுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாத பெண்ணுக்கு அந்தக் காலத்தில் வைக்கும் பெயர் அது. சரி, கிடந்துவிட்டுப் போகட்டும், வளர்ப்போம் என்று அர்த்தம்.

அடுத்த தாள் கிம்செங்கின் தகப்பன் வீட்டுப் பதிவு. லியாவ் படிக்கப் படிக்க அவள் குரலில் அரசாங்கத்தனம் குறைந்துகொண்டே வந்தது.

"ஆயிரத்து எண்ணூத்துத் தொண்ணூத்தொன்பதுல பிறந்திருக்காங்க. ரெண்டு வயசுல இந்த வீட்டுக்கு வந்திருக்காங்க. சின்ன மருமகளா."

அதையும் விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் மகனுக்குக் கட்டிவைப்பதற்காகக் கைக்குழந்தையாகவே வாங்கி வந்து, வளர்ந்த பிறகு அடுப்படியில் ஒரு வேலைக்காரியும் படுக்கையில் ஒரு மனைவியுமாக ஒருத்தியையே பயன்படுத்திக்கொள்கிற ஏற்பாடு. யீலானில் அப்படி வந்த பெண் இல்லாத பழைய வீடு கிடையாது.

"மூத்த மகன் கிம்செங்குக்குன்னு எழுதியிருக்கு. பொண்ணுங்க பாதம் வளராம துணியால இறுக்கிக் கட்டுவாங்களே, அந்தக் கால்கட்டுக்கு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல முதல்ல 'கட்டியது'. அப்புறம் பதினஞ்சாம் வருஷம், 'அவிழ்த்தது'. அந்த வருஷம் எல்லாரும் அவிழ்க்கணும்னு உத்தரவு போட்டாங்க." லியாவ் அடுத்த வரிக்கு மரக்கோலை நகர்த்திவிட்டு நிறுத்தினாள். "அக்கா!"

"என்ன?"

"பதினாறாம் வருஷம் ஜூலை. 'இருப்பிடம் தெரியவில்லை' என்று வீட்டுத் தலைவர் புகார். அக்டோபர்ல கண்டுபிடிச்சு வீடு சேர்த்தது. பதினேழு பிப்ரவரி. 'இருப்பிடம் தெரியவில்லை.' மார்ச்சுல வீடு சேர்த்தது. பதினேழு ஜூன்..."

"மறுபடியுமா?"

"மறுபடியும்! காலை அவிழ்த்து விட்ட மறு வருஷமே ஓட ஆரம்பிச்சுட்டாங்க அக்கா!"

பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது யூதாவின் கண்ணில் நீர் நின்றது, அது சிரிப்பால் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் முறை வீடு சேர்த்த பிறகு, அதே வருஷம் அக்டோபரில், 'சின்ன மருமகள்' என்ற சொல்லின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'வளர்ப்பு மகள்' என்று புதிதாக எழுதியிருந்தது. ஜுவோ என்ற குடும்பப் பெயர் அன்றுதான் அவளுடையதாயிற்று. அடுத்த மாதம் கிம்செங் வேறொரு பெண்ணை மணந்துகொண்டான். போங்சி ருய்ஃபாங் சுரங்கப் பகுதிக்குப் போய்விட்டாள். தொழில்: நிலக்கரி பொறுக்குதல். இருபதாம் வருஷம் மகன். இருபத்தொன்றாம் வருஷம் தனிக் குடும்பமாகப் பதிவு.

"குடும்பத் தலைவர், ஜுவோ போங்சி," என்று படித்தாள் லியாவ். "பொம்பளை பேரு இந்த இடத்துல இருந்தா, முக்கால்வாசி புருஷன் செத்தவங்களா இருப்பாங்க. கல்யாணமே பண்ணிக்காம இருபத்திரண்டு வயசுல தலைவரா ஒருத்தரை நான் இப்பத்தான் பாக்கறேன். நாப்பத்திநாலாம் வருஷம் இறந்திருக்காங்க. அதுக்கப்புறம் உங்க தாத்தா தலைவராயிருக்காரு. அதுவரைக்கும் அம்மாகூடத்தான் இருந்திருக்காரு, வேற எந்த வீட்டுலயும் அவரு பேரு இல்ல."

"கிம்செங் எடுத்து வளத்தாருன்னு..."

"அப்படி ஒரு வரி இதுல இல்லக்கா."

அந்த வாரமே ஒருநாள் யூதாவ் ரயிலேறி ருய்ஃபாங்குக்குப் போனாள். பதிவேட்டில் இருந்த விலாசத்தில் இப்போது கார் நிறுத்துமிடம். அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு, மழையில் நனைந்த குன்றைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினாள். போங்சி எப்படி ஓடினாள், எந்த வழியாக, யார் பிடித்து வந்தார்கள், பிடித்துவந்து என்ன செய்தார்கள்? தாள் அதையெல்லாம் சொல்லவில்லை. கட்டிக் கட்டி எலும்பு மடங்கிப்போன கால், துணியை அவிழ்த்தால் மட்டும் நேராகிவிடாது. அந்தக் காலோடு மூன்று முறை. இரண்டாம் முறை போனபோது, பிடிபட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் முறை இன்னும் நன்றாகத் தெரிந்திருக்கும். யூதாவ் அதையே நினைத்துக்கொண்டு கார்பரேட்டர்களைக் கழற்றினாள், மாட்டினாள்.

செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. கூட்டத்துக்கு நான்கு நாள் முன்னால் மிங்லாங் பெரியப்பாவே கடைக்கு வந்தார். ஸ்கூட்டரை நிறுத்தி, பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்றார். பிரேக்கில் ஒன்றுமில்லை. யூதாவ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"பதிவேட்டை எடுத்தியாமே."

"எடுத்தேன் பெரியப்பா."

"நான் ஒண்ணு சொல்றேன், கேளு. ஒட்டுக்கிளை வேண்டாம். உங்க தாத்தாவை எங்க தாத்தாவோட சொந்தப் பிள்ளைன்னே போட்டுடலாம். ரெண்டாம் சம்சாரத்துக்குப் பிறந்ததுன்னு. அந்தம்மா பேரை அந்த இடத்துல 'மனைவி'ன்னு வெச்சுக்கலாம். அவங்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் முன் பக்கத்துல இடம். கமிட்டில நான் பேசிக்கறேன்."

"அவங்க மனைவி இல்லையே."

"நூறு வருஷம் ஆச்சு. யாரு கேக்கப் போறா?"

"அவங்க மனைவி ஆகாம இருக்கத்தான பெரியப்பா மூணு தடவை ஓடினாங்க? செத்து எண்பது வருஷம் கழிச்சு நாம பிடிச்சுட்டு வந்து கட்டிவைக்கிறதா?"

பெரியப்பாவின் முகம் சிவந்தது. "அப்ப என்ன போடணுங்கற? எங்க தாத்தாவை ஒருத்தி வேண்டாம்னு உதறிட்டு ஓடினான்னு அச்சடிக்கணுமா? அவரு நல்ல மனுஷன். யாரையும் அடிச்சதில்ல."

"இருக்கலாம். நான் அவரைக் கெட்டவர்னு சொல்லலையே. நல்லவரா இருந்தாலும் ஒருத்திக்கு வேண்டாம்னா வேண்டாம்தான்."

"உன்னை மாதிரியே இருந்திருக்கா," என்றார் அவர் எழுந்தபடி. திட்டாகத்தான் சொன்னார்.

"அதைத்தான் நானும் நிரூபிக்கப் பாக்கறேன். யாரு பெத்ததுன்னே தெரியாதுன்னு சொன்னீங்களே."

அன்று சாயங்காலம் தம்பி வந்தான். குவோதுங் விவசாயிகள் சங்கத்தில் அதிகாரி. குலத்தில் பாதிப் பேரோடு தினமும் முகம் பார்த்துப் பேச வேண்டியவன். அக்கா தரையில் உட்கார்ந்து டயர் கழற்றிக்கொண்டிருந்தாள், அவன் நின்றபடியே பேசினான்.

"பெரியப்பா இறங்கி வந்திருக்காரு. இதைவிட என்ன வேணும் உனக்கு? அப்பா சாகற வரைக்கும் அந்தக் கழுவுற இடத்துப் பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டாரு. என் மகன், அவனோட பிள்ளைங்க, எல்லாம் முன் பக்கத்துல வரட்டுமே."

"பொய்யில உக்காரணுமா?"

"எந்தக் குலப் புத்தகம் அக்கா பொய் இல்லாம இருக்கு? எல்லாரும் ஏதோ ஒரு மந்திரியோட வாரிசுன்னுதான் எழுதி வெச்சிருக்காங்க. நாமளும் ஒரு வரி எழுதிக்கலாம். கூட்டத்துல போய் எல்லார் முன்னாடியும் நம்ம தாத்தாவுக்கு அப்பன் பேரு தெரியாதுன்னு வாசிக்கப் போறியா? நாளைக்கு ஆபீஸ்ல நான் எப்படி முகத்தைக் காட்டுறது?"

யூதாவ் டயரை உருட்டிச் சுவரில் சாய்த்தாள். "தாத்தா காட்டினாரு இல்ல, வாழ்நாள் பூரா? அதே மாதிரி காட்டு."

அவன் போய்விட்டான்.

கூட்டத்துக்கு அறுபத்து நான்கு பேர் வந்திருந்தார்கள். குலமண்டபத்தின் உள்ளே, முன்னோர் பலகைகள் அடுக்கிய மேடைக்கு எதிரே நாற்காலிகள். யூதாவ் கடைச் சட்டையோடேயே வந்திருந்தாள். முறை வந்ததும் எழுந்து நின்று, லியாவ் தெளிவாக எழுதிக் கொடுத்திருந்த தாளை வைத்து வரி வரியாக வாசித்தாள். எதையும் விடவில்லை. 'கட்டியது, அவிழ்த்தது' என்று வாசித்தாள். மூன்று 'இருப்பிடம் தெரியவில்லை'களையும் தேதியோடு வாசித்தாள். 'தகப்பன் பெயர்: காலி' என்பதை மற்றெல்லா வரிகளையும் போல அதே குரலில் வாசித்தாள்.

பின்வரிசையில் யாரோ கமுக்கமாகச் சிரித்தார்கள். கமிட்டியில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஆகாய் கையை உயர்த்தினார்.

"காலின்னா எப்படிம்மா அச்சடிக்கிறது? புத்தகத்துல ஓட்டையா விடுறதா?"

"விடுங்க. அவங்க விட்டாங்க. பேரு தெரியாமலா விட்டிருப்பாங்க? போலீஸ்காரன் வந்து நின்னு கேட்டிருப்பான். சொல்லலை. அவங்க சொல்லாததை நாம எதுக்கு இட்டு நிரப்பணும்?"

"குலம்னா ஆம்பளை வழிதானே," என்றது இன்னொரு குரல். "பொம்பளையிலேர்ந்து கிளை ஆரம்பிக்குமா?"

"எங்க கிளை ஆரம்பிச்சிருக்கு. நீங்களே கண்ணால பாக்கறீங்க. ஜுவோங்கிற பேரு எங்களுக்கு அவங்க மூலமாத்தான் வந்தது. அதை யாரும் அவங்களுக்குத் தூக்கிக் குடுக்கலை. ரெண்டு வயசுல வாங்கிட்டு வந்த பொண்ணு, பதினெட்டு வயசுல உங்க வீட்டையே மசிய வெச்சு வாங்கின பேரு அது. அப்புறம் தலைமேல அதைச் சுமந்துட்டுப் போய் கரி பொறுக்கி ஒரு பிள்ளையை ஆளாக்கினாங்க. முதல் ஆள்னு அவங்க பேரைப் போடுங்க. போங்சி. முழுப் பேரு. யாரோட மனைவியும் இல்ல, யாரோட மருமகளும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை இப்போது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு தன் சமாதான யோசனையை எடுத்துரைத்தார்: கிம்செங்கின் மகன், இரண்டாம் மனைவி, முன் பக்கம். கை தூக்கச் சொன்னார். ஐம்பத்தொரு கைகள் எழுந்தன. அவற்றில் ஒன்று குவோதுங்கின் கை. அதிக உயரம் எழவில்லை, காது வரைக்கும்தான். ஆனால் எழுந்தது. யூதாவ் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவனும் பார்த்தான்.

"சரி," என்றாள் அவள். "நீங்க போட்டுக்கோங்க. ஆனா என் பேரு கிம்செங்குக்குக் கீழ வரக் கூடாது. வந்துச்சுன்னா புத்தகம் அச்சேறின அன்னிக்கே இந்தப் பதிவேட்டைப் பெருசாக்கி மண்டபத்து வாசல்ல ஒட்டுவேன். மழையில நனையாம பிளாஸ்டிக் போட்டு ஒட்டுவேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தாள். மூன்றாம் உதையில்தான் கிளம்பியது. பழுது பார்ப்பவளின் வண்டியே இப்படியா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மழையில் வீடு போய்ச் சேர்ந்தாள்.

குலப் புத்தகம் இலையுதிர் காலத்தில் வந்தது. தங்க எழுத்து, கெட்டி அட்டை. தியன்ஹோக் அதில் கிம்செங்கின் இரண்டாம் மகன். யூதாவின் பெயர் இல்லை. அதே மாதம் ரயிலடி எதிரே இருந்த நகல் கடையில் யூதாவ் எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டாள். முதல் பக்கத்தில் பதிவேட்டின் நகல், சிவப்புக் கோடு தெரிகிற மாதிரி வண்ணத்தில். அடுத்த பக்கத்தில் முதல் வரி: 'எங்கள் கிளையின் முதல் ஆள் ஜுவோ போங்சி. மூன்று முறை ஓடினார். குடும்பத் தலைவர்.' அதன் கீழே தியன்ஹோக், அப்பா, அவள், குவோதுங், அவன் பிள்ளைகள். தம்பியைக் கேட்காமலேதான் போட்டாள். ஆக, ஒரே வயிற்றில் பிறந்த அக்காவும் தம்பியும் இரண்டு புத்தகத்தில் இரண்டு வம்சமாக ஆனார்கள். ஊரில் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

சிரித்தவர்களில் சிலர் கடைக்கும் வந்தார்கள். ஆகாயின் மனைவி ஒருநாள் ஒரு குறையும் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, எண்ணெய் மாற்றச் சொல்லிவிட்டு, அந்தப் பதிவேட்டுக்கு எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று தணிந்த குரலில் கேட்டாள். யூதாவ் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். லியாவின் பெயரையும் எழுதினாள்.

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. இறந்தவர்களின் பெயர் எழுதிய மரத்துண்டுகளை வைக்கும் வீட்டு முன்னோர் பலகைப் பெட்டி தம்பி வீட்டில் இருந்தது, ஆண்பிள்ளை வீட்டில்தானே இருக்கும். ஒரு ஞாயிறு காலை, மெல்லிய மரத்துண்டு ஒன்றில் போங்சியின் பெயரையும் பிறந்த இறந்த நாட்களையும் எழுதி எடுத்துக்கொண்டு யூதாவ் அங்கே போனாள். கூட்டத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. தம்பி மனைவி மெய்ஷியா கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். குவோதுங் பூஜை மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"என்ன அது?"

"கொள்ளுப்பாட்டி பேரு. பெட்டிக்குள்ள வைக்கணும்."

"அப்படியெல்லாம் சட்டுனு திறக்கக் கூடாது. பிறைக்கட்டையை வீசிப் போட்டு, அது விழற விதத்தைப் பாத்துக் கேக்கணும். முன்னோர் சரின்னா வைக்கலாம்."

"கேக்க மாட்டேன்."

"அக்கா!"

"அவங்க யார்கிட்டயும் அனுமதி கேட்டு எதையும் செஞ்சவங்க இல்ல. இதுக்கு மட்டும் கேக்கணுமா? அதுவும் யார்கிட்ட? உள்ளே இருக்கறது அவங்க பெத்த பிள்ளை. அம்மாவை வரவிட மாட்டாரா?"

குவோதுங் விலகி நின்றான். கை தூக்கியதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான் போலிருந்தது, சொல்லவில்லை. யூதாவும் கேட்கவில்லை. அவள் சட்டைப் பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள். பலகைப் பெட்டியின் மூடி பல வருஷத்துப் புகையில் ஒட்டிப்போயிருந்தது. ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நெம்பியதில் அது மேசையில் வழுக்கியது.

"கீழ போட்டுறப் போற," என்றான் தம்பி. முன்னால் வந்து இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

மூடி திறந்தது. அப்பாவின் துண்டு, தாத்தாவின் துண்டு. அவற்றுக்கு முன்னால் அவள் புதிய மரத்துண்டை நிறுத்தினாள். குவோதுங் தலையைச் சாய்த்து எழுத்தைப் படித்தான்.

"பேரை மட்டும் கொஞ்சம் நல்லா மாத்தி எழுதியிருக்கலாம். கிடந்துட்டுப் போகட்டும்னு ஒரு பேரா?"

"யாரோ அவங்களை அப்படி நினைச்சு வெச்சாங்க. அந்தப் பேரையே வெச்சுக்கிட்டுத்தான் தலைவர்னு பதிவு பண்ணினாங்க. அதே பேரு இருக்கட்டும்."

மெய்ஷியா ஊதுவத்தியைப் பற்றவைத்து இருவருக்கும் மும்மூன்று கொடுத்தாள். வெளியே மழை வலுத்தது. குவோதுங் ஊதுவத்தியை நெற்றிக்கு நேரே பிடித்தபடி கொஞ்ச நேரம் தயங்கினான்.

"எப்படிக் கூப்பிடறது?"

"கொள்ளுப்பாட்டின்னு கூப்பிடு. வேற எப்படி?"

அவன் கூப்பிட்டான். முதலில் வாய்க்குள்ளே. யூதாவ் அவனைத் திரும்பிப் பார்த்ததும், சத்தமாக.